வண்டி நம்முடையது, நாசில் யார் கையில்?

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் மாதங்களில், விடிவதற்கு முன்பே கச்சிராயபாளையத்தில் இருந்து பிக்கப் வண்டிகள் கிளம்பிவிடும். ஏறும்போது சிமென்ட், உர மூட்டை, மளிகைச் சாமான். இறங்கும்போது கிழங்கு. பரிகம் தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் எந்த வண்டி நல்ல வண்டி, எது நோயாளி வண்டி என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரிந்துவிடும். சில வண்டிகள் சத்தமில்லாமல் ஏறும். சில வண்டிகள் கொண்டை ஊசி வளைவில் திணறி, கரும்புகையைக் கக்கி, முதல் கியருக்கு இறங்கி, பெரியார் நீர்வீழ்ச்சி வருவதற்குள் ஒருமுறையாவது ஓரம் கட்டும்.

ஓரம் கட்டி நிற்கும் அந்த வண்டிகளில் பலவும் நம் குடியிருப்புகளில் இருந்து வந்தவை. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதி மக்கள் 29 சதவீதத்துக்கும் மேல். நிலம் வைத்திருப்பவர்கள் குறைவு. இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பி கரும்பு வெட்டப் போன அப்பா, அடுத்தவர் வண்டிக்கு ஓட்டுநராகப் போன மகன், பத்து வருடம் ஓட்டிச் சேர்த்த பணத்தில் கைமாறி வந்த ஒரு பழைய பிக்கப். நம் குடும்பங்கள் பலவற்றின் கதை இந்த வரிசையில்தான் போகிறது. அந்த வண்டிதான் வீட்டின் முதல் சொத்து. அதனால் அது மலையில் நின்றால் ஒரு நாள் வாடகை மட்டும் போவதில்லை, மாதத் தவணையும் சேர்ந்து ஆடுகிறது.

இழுவை குறைந்த வண்டிக்குப் பட்டறையில் இப்போது அடிக்கடி கிடைக்கும் யோசனை, “இன்ஜெக்டரை மாத்தி அப்கிரேடு பண்ணிடலாம்” என்பது. யோசனை எப்போதும் தவறில்லை. ஆனால் எதை மாற்றுகிறார்கள் என்று தெரியாமல் சம்மதித்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அண்ணன் வைத்திருந்தது 2,523 சிசி டிஐ எஞ்சின் பிக்கப். டர்போ இல்லாத பழைய மாடல். மூன்றாவது கைக்கு வந்த வண்டி. கீழே ஓடும்போது குறை தெரியாது. மலையில் லோடு ஏற்றினால் மூச்சு வாங்கும். ஒரு பட்டறையில் சொன்னார்கள்: “நாசில கொஞ்சம் பெருசா போட்டு, பம்புல டீசல் கூட்டி வெச்சா போதும்ணே, ஏத்தத்துல பறக்கும்.” நான்கு நாசிலும் கூலியும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். வண்டி உண்மையாகவே பறந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து வெள்ளிமலை வரை ஓட்டிக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியவில்லை, அவ்வளவு புகை. “இழுவை இருந்தா புகை இருக்கத்தானே செய்யும்” என்றார். மூன்றாவது மாதம் லோடோடு ஏறும்போது எஞ்சினில் தடதடவென்று சத்தம். இறக்கிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டர் பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எஞ்சின் வேலைக்கு எழுபதாயிரம். அந்தக் கடனை அடைக்க அண்ணி கரும்பு வெட்டப் போனார்.

பிஸ்டனில் ஓட்டை போட்டது எது? இதைப் புரிந்துகொள்ள இன்ஜெக்டரின் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் போதும்.

பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்தும்போது காற்று கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். அந்தத் தூவலைச் செய்வதுதான் இன்ஜெக்டர். அதன் நுனியில் இருப்பது நாசில். பழைய டிஐ எஞ்சின் நாசிலில் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் நான்கைந்து இருக்கும். உள்ளே ஒரு ஊசி, அதன் மேல் ஒரு ஸ்பிரிங். பம்ப் அனுப்பும் டீசலின் அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் ஊசி எழும்பி வழிவிடும். இந்த வகை எஞ்சின்களில் அந்த அளவு பொதுவாக 180 முதல் 250 பார். பைக் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது ஒவ்வொரு நாசிலும் நொடிக்கு இருபது முறை திறந்து மூடுகிறது. ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு முதல் நான்கு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். பழைய வண்டியில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது நாசில் அல்ல, பம்ப். அதை எப்படித் தூவுவது என்பதுதான் நாசிலின் வேலை. துளையை மட்டும் பெரிதாக்கினால் அழுத்தம் குறைந்து டீசல் பனியாக இல்லாமல் சொட்டுச் சொட்டாக விழும். அதனால்தான் பெரிய நாசில் போடுகிறவர்கள் கூடவே பம்பின் திருகைத் திருகி டீசலையும் கூட்டிவைக்கிறார்கள். டீசல் கூடினால் இழுவை கூடும், அது உண்மை. ஆனால் ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தானாக எவ்வளவு காற்றை உறிஞ்ச முடியுமோ அவ்வளவுதான். கூட்டிவைத்த டீசலுக்குக் காற்று எங்கிருந்து வரும்? எரியாத மிச்சம்தான் கரும்புகையாகப் போகிறது. அது டீசல் வாங்கிய காசு. புகையோடு சூடும் ஏறுகிறது. நாசில் சொட்டும் இடத்தில் பிஸ்டனின் அலுமினியம் உருகுகிறது.

மலையில் இது இன்னும் மோசம். மூவாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. காற்று குறையும் இடத்துக்கு டீசலைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

அப்படியானால் இழுவை குறைந்த பழைய வண்டிக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பெரும்பாலான பழைய வண்டிகளுக்குத் தேவைப்படுவது அப்கிரேடு இல்லை. கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திருப்புவது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய நாசிலில் ஊசி தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், துளையில் கரி அடைந்திருக்கும். இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் அடிக்கும் டெஸ்டரில் மாட்டி அழுத்திப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எல்லாத் துளையிலும் சமமாகத் தூவுகிறதா, மூடியபின் நுனியில் சொட்டு நிற்கிறதா. சொட்டினால் நாசில் மாற்ற வேண்டும். அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய ஷிம் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவில் திறக்க வேண்டும். ஒன்று மட்டும் முந்தினாலும் எஞ்சின் தட்டும்.

புதிய நாசில் வாங்கும்போது பழையதன் மேல் பொறித்திருக்கும் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஓட்டுநரே பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் செய்கிறவர்கள் குறைவு. 1951இல் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனத்தின் பெயர் இன்று போஷ் என்று மாறிவிட்டாலும் பட்டறைகளில் இன்னும் “மைகோ நாசில்” என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பெயரை நம்பியே போலியும் விற்கிறது. பில் கேட்டால் கிடைக்காத நாசிலை வாங்காமல் இருப்பது நல்லது. கழற்றிய பழைய நாசில்களைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பத்து, இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் பழையதையே திருப்பிப் போட்டால் அந்த வழியாக எரிவாயு கசிந்து இன்ஜெக்டர் இறுகிவிடும். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பம்ப் டைமிங் மூன்றையும் பார்க்காமல் நாசிலுக்குக் கைவைக்கிற பட்டறையைச் சந்தேகப்படலாம். மலை மண்ணில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலே பாதி இழுவை போனதுபோல இருக்கும்.

2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-4 விதி வந்த பிறகு வந்த பிக்கப்கள் வேறு சாதி. (இந்தச் சொல்லை எஞ்சினுக்கு மட்டும் பயன்படுத்தும் காலம் வராதா!) அவற்றில் பெரும்பாலும் காமன் ரெயில். அதில் 1,400, 1,600 பார் வரை அழுத்தம் போகும். எப்போது, எவ்வளவு நேரம் தூவ வேண்டும் என்பதை ஒரு சின்னக் கணினி முடிவு செய்கிறது. பல மாடல்களில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. புதிது மாட்டினால் அந்த எண்ணைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். இதைச் சாதாரண ஷெட்டில் செய்ய முடியாது. “பழைய டிஐ எஞ்சினுக்கே காமன் ரெயில் இன்ஜெக்டர் மாட்டித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பம்ப், குழாய், வயரிங், கணினி எல்லாவற்றையும் மாற்றாமல் அது நடக்காது. மாற்றும் செலவில் வேறு வண்டியே வாங்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த நாசிலுக்குப் பதில் அதே எண் நாசில் போடுவது இதில் வராது. புகை விஷயம் தனி. பிஎஸ்-3 வரையான டீசல் வண்டியின் புகை அடர்த்தி 65 அலகுக்குள்ளும், பிஎஸ்-4 வண்டியில் 50 அலகுக்குள்ளும் இருக்க வேண்டும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். டீசல் கூட்டிவைத்த வண்டி அங்கே சிக்கினால், மறுபடி பம்பைப் பழைய அளவுக்குக் குறைக்க இன்னொரு செலவு. வழியில் மடக்கும்போது யாருடைய வண்டியின் புகை முதலில் கண்ணில் படுகிறது என்பதை நம் ஓட்டுநர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். “காலனி வண்டியா?” என்று வாடகை பேசும்போது கேட்கிற வாய்களுக்கு அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

வண்டி என்பது நமக்கு வெறும் வண்டியாக ஒருபோதும் இருந்ததில்லை. 1929இல் தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கும் குழுவின் உறுப்பினராகப் பயணம் போன அண்ணல் அம்பேத்கர், சாலிஸ்கான் ஊரில் இறங்கினார். அவரை ஏற்றி ஓட்டுவது தங்களுக்கு இழுக்கு என்று குதிரை வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஊர் மகர் மக்கள் பேசிப் பார்த்து, வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கிக்கொண்டார்கள். ஓட்டத் தெரியாத ஒருவர் லகானைப் பிடித்தார். வழியில் ஒரு பாலத்தின் மேல் வண்டி தடுமாறி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. இதைத் தன் அனுபவக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். நம் பக்கத்திலும் பேருந்தில் ஏற விடாத காலம் இருந்தது. ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் உத்தரவு போட வேண்டியிருந்தது.

சாலிஸ்கானில் வண்டி கிடைத்தது, பழகிய கை கிடைக்கவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அண்ணனின் பிஸ்டன் ஞாபகம் வரும். இன்று நம்மிடம் வண்டி இருக்கிறது, ஓட்டும் கையும் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் வெளியே இருக்கிறார். அவர் சொல்வதைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை. கள்ளக்குறிச்சியிலும் ஆத்தூரிலும் சேலத்திலும் அண்ணனோடு நான் ஏறி இறங்கிய பட்டறைகளில் நம் பையன்களைப் பார்த்தேன். டயர் கழற்றிக்கொண்டும், கிரீஸ் அடித்துக்கொண்டும், எஞ்சின் தூக்கிக்கொண்டும் இருந்தார்கள். பம்பையும் நாசிலையும் பரிசோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் கண்ணாடி அறைக்குள் ஒருவரையும் பார்க்கவில்லை. அந்த அறை பெரும்பாலும் அப்பாவிடம் இருந்து மகனுக்குப் போகிறது. இயந்திரத்தின் விலையும் அதிகம்.

இரண்டுக்கும் வழி இல்லாமல் இல்லை. அரசு ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. மாணவியும்தான், நாசில் பார்க்கும் வேலைக்குத் தோள் வலிமை வேண்டாம், கண்ணும் பொறுமையும் வேண்டும். படித்து முடித்தவர் நேராகக் கடை போட முடியாது என்பது சரி. ஓரிரண்டு வருடம் பம்ப் கடையில் கைப்பழக்கம் வேண்டும்.

அதற்குப் பிறகு பணம். தாட்கோ வழியாகக் கிடைக்கும் முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூக பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் திட்டத் தொகையில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் ஆறு சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இதில் சேவைத் தொழிலும் அடங்கும். நம் ஊரில் இந்தத் திட்டங்களைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: வண்டி வாங்கலாம். ஒரே தெருவில் ஆறு பிக்கப் நின்றால் வாடகை இறங்குமே தவிர ஏறாது. அந்த ஆறு வண்டிக்கும் நாசில் பார்க்க ஒரு டெஸ்ட் பெஞ்ச் கடை என்று விண்ணப்பம் எழுதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மலைவாழ் மக்களின் வண்டிகளும் இதே சாலையில்தான் இறங்குகின்றன. கச்சிராயபாளையத்தில் அப்படி ஒரு கடை இருந்தால் யாரும் ஆத்தூர் வரை போக வேண்டியதில்லை.

பட்டறையில் வேலை பழகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இன்ஜெக்டரை டெஸ்டரில் அடிக்கும்போது தூவல் எப்படி வருகிறது என்று கையை நீட்டிப் பார்க்காதீர்கள். 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காமன் ரெயில் வண்டியில் எஞ்சின் ஓடும்போது குழாய் நட்டைத் தளர்த்துவது அதைவிட ஆபத்து. வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். விரலையே எடுக்க நேரிடலாம். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல், உடனே மருத்துவமனைக்குப் போய் “அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பார்க்கிறவர் சாதாரணக் காயம் என்று ஊசி போட்டு அனுப்பிவிடக் கூடாது. முதலாளி கோபப்படுவார் என்று மறைக்காதீர்கள். தூவலைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

அண்ணன் வண்டிக்கு அப்புறம் எஞ்சின் வேலை முடிந்ததும், சேலத்தில் ஒரு பம்ப் கடையில் கொடுத்து, கம்பெனி எண் நாசிலே போட்டு, பம்பைப் பழைய அளவுக்கு வைத்து எடுத்துவந்தோம். முன்புபோல மலையில் பறக்கவில்லை. இரண்டாவது கியரில் நிதானமாக ஏறுகிறது. லோடைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஆட்களைப் பின்னால் ஏற்றுவதையும் நிறுத்திவிட்டார். போன வருடம் எஃப்சிக்குப் போனபோது புகைச் சோதனையில் ஒரே தடவையில் தேறியது. கழற்றிய நான்கு நாசிலையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்கிறார். வண்டியில் ஏறும் புதுப் பையன்கள் யாராவது அது என்ன என்று கேட்டால், ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, நுனியில் இருக்கும் துளைகளை எண்ணச் சொல்வார்.